கொசு நுழையாத வேலி

ஒரு காட்டில் மிருகங்கள் எல்லாம் கூடி ஒரு தோட்டம் போட்டன. சிரிக்காதீர்கள் குழந்தைகளே, தோட்டம்தான். அடுத்தடுத்து இரண்டு வருடம் மழை பொய்த்துப் பாதிக் காடு பட்டினி கிடந்த பிறகு அவற்றுக்கு அந்தப் புத்தி வந்தது. ஓடைக்கரையில் மணல்பாங்கான இடமாகப் பார்த்துச் சர்க்கரைவள்ளிக் கொடியை நட்டன. மழைக்காலம் முழுவதும் கொடி படரும். கோடையில் புல் கருகியதும் கிழங்கைத் தோண்டி எல்லாரும் பங்கு வைத்துக்கொள்ளலாம்.

அந்த இடத்தை மூன்று பக்கமும் ஆழமான ஓடை வளைத்துக்கொண்டு ஓடியது. மிருகங்கள் வந்துபோக, காட்டுப் பக்கமாக ஒரு துறை மட்டும் உண்டு. நாலாவது பக்கம் மட்டும் வெறும் பாறைமேடு. பாறைமேட்டுக்கு அப்பால் நரிக்காடு. அந்தப் பக்கத்துக்கு ஒரு வேலி போட்டே ஆகவேண்டும்.

"ஆடாதொடை வைப்போம்," என்றாள் மாராயி என்கிற முயல். "கோடையிலயும் இலை கொட்டாது. வருசம் பூரா பச்சையா நிக்கும். குச்சியை ஒடிச்சு நட்டா வேர் பிடிச்சுக்கும். கசப்புன்னா அப்படி ஒரு கசப்பு, ஆடு மாடு எதுவும் வாய் வைக்காது."

மாராயி உருவத்தில் ஒரு முழம், கோபத்தில் ஒன்பது முழம். அநியாயம் எதையாவது கண்டுவிட்டால் பின்னங்காலால் தரையைத் தட்டுவாள். தட்! தட்! பக்கத்துப் புதரில் தூங்குகிறவர்கள் எழுந்துவிடுவார்கள்.

"நல்ல யோசனை," என்றார் காட்டெருமை கருங்கொம்பர். அவர்தான் தலைவர். அவ்வளவு பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய கொம்பு, அதைவிடப் பெரிய கர்வம். "சரி, வேலியைப் பாத்துக்கிறது யாரு?"

மாராயி வாயைத் திறப்பதற்குள் முள்ளம்பன்றி ஈட்டியப்பன் முன்னால் வந்து நின்றான். முதுகு முள்ளை ஒருமுறை விரித்துக் காட்டினான். சரசரவென்று சத்தம் கேட்டது.

"வேலின்னா என்னங்கய்யா? முள்ளு. முள்ளுன்னா யாரு? நானு. பொறந்ததுலேர்ந்து வேலியை முதுகுல சுமந்துக்கிட்டுத் திரியிறவன் நான்."

ஆடாதொடைக்கு முள்ளே கிடையாது. அதை ஒருவர்கூட யோசிக்கவில்லை. "ஆமா, ஆமா!" என்றது மிளா. மிளா என்றால் பெரிய மான். யார் எதைச் சொன்னாலும் ஆமா போடுவதுதான் அதன் வேலை. இப்படியாக ஈட்டியப்பன் வேலிக்காரன் ஆனான். காவலுக்கு வசதியாக இருக்கட்டும் என்று வேலிக்கு வெளியே, பாறைமேட்டு ஓரத்தில், வளை தோண்டிக்கொள்ளவும் அனுமதி வாங்கிக்கொண்டான்.

பதவிக்கு வந்த கையோடு ஒரு சட்டமும் கொண்டுவந்தான்.

"தோட்டத்துக்குள்ள யாரும் தலை குனியக் கூடாது. குனிஞ்சா கொடியை மேயுறீங்கன்னு அர்த்தம். நிமிர்ந்த தலையோடதான் வரணும், நிமிர்ந்த தலையோடதான் போகணும்."

"வருசா வருசம் பூசை போட்டு வேலியைக் கும்பிடும்போது?" என்று கேட்டார் கருங்கொம்பர்.

"அதுக்கு மட்டும் விலக்குங்கய்யா."

நிமிர்ந்த தலை என்றதும் கருங்கொம்பருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சட்டம் நிறைவேறியது. அன்று முதல் காட்டெருமையும் மிளாவும் மற்றப் பெரிய மிருகங்களும் தோட்டத்துக்குள் வந்தால் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். மாராயிக்கு நிமிர்ந்தாலும் குனிந்தாலும் ஒன்றுதான். அவள் கண்ணுக்கு எதிரே எப்போதும் மண்தான் இருந்தது.

ஐப்பசி மழையில் நட்ட குச்சிகள் துளிர்த்தன. செடி முழங்கால் உயரம் வந்ததும் மாராயி ஓடிவந்தாள்.

"இப்பவே நுனியைக் கிள்ளணும்! இந்த உயரத்துல வெட்டி விட்டாத்தான் அடியில பக்கக் கிளை வெடிக்கும். வருசத்துக்கு ரெண்டு தடவை வெட்டி, மெள்ள மெள்ள மேல விடணும். இல்லன்னா உச்சி மட்டும் தழைஞ்சு, அடி மொட்டையாப் போயிடும். விடுங்க, நானே பல்லால கிள்ளி விடுறேன்."

"முயல் வாயில செடியைக் குடுக்கிறதா?" என்று சிரித்தான் ஈட்டியப்பன். "பாலுக்குப் பூனை காவலா?"

"ஏன்யா, அது கசப்பு! எவ திம்பா அதை?"

ஈட்டியப்பன் கருங்கொம்பர் பக்கம் திரும்பிக்கொண்டான். குரலைத் தழதழக்க வைத்துக்கொண்டான்.

"நீங்களே சொல்லுங்கய்யா. வளர்ற பிள்ளையோட தலையை யாராவது வெட்டுவாங்களா? என் உசிரு இருக்கிற வரைக்கும் இந்தச் செடி மேல ஒரு பல்லு படவிட மாட்டேன்."

"ஐயோ பாவம், ஆமா!" என்று மிளா கண்ணீரே விட்டுவிட்டது.

மாராயி காலைத் தட்டினாள். யார் கேட்டார்கள்? செடியின் மேல் இவ்வளவு பாசம் உள்ளவனை விட்டுவிட்டு, வெட்டு வெட்டு என்கிற முயலின் பேச்சை யார் கேட்பார்கள்?

மூன்று வருடம் ஓடிப்போனது. ஆடாதொடை கிடுகிடுவென்று வளர்ந்து கருங்கொம்பரின் திமிலைத் தாண்டியது. கண்ணுக்கு எட்டிய உயரத்தில் ஒரே பச்சை. வெள்ளை வெள்ளையாகப் பூ வேறு. கடுங்கோடையில் காடு முழுக்கச் சருகாகக் கிடக்கும்போது, அந்த வேலி மட்டும் நேற்றுப் பெய்த மழையில் நனைந்தது போல நிற்கும். கருங்கொம்பர் தினம் ஒருதரம் வந்து, நிமிர்ந்த தலையோடு பார்த்துவிட்டுப் போவார்.

"கொசுகூட நுழையாதுய்யா!" என்பான் ஈட்டியப்பன்.

"கொசுகூட நுழையாது," என்பார் கருங்கொம்பர்.

"ஆமா, கொசுகூட!" என்று சொல்லும் மிளா.

மாராயிக்கு அதைக் கேட்கக் கேட்க வயிறு எரிந்தது. ஏன் எரியாது? அவள் அந்த வேலியின் ஒரு கோடியில்தான் குடியிருந்தாள். உள்பக்கம் புல்லை அமுக்கி, அதில் மூன்று குட்டிகளைப் போட்டுவைத்திருந்தாள். தலையைத் தூக்காமலே அவள் பார்ப்பது வேலியின் அடியைத்தான். அந்த அடியில் ஓர் இலை கிடையாது! ஒரு முழம், ஒன்றரை முழம் உயரத்துக்கு வெறும் தண்டுகள். பந்தல் காலை நட்டுவைத்த மாதிரி, இடைவெளி விட்டு விட்டு நின்றன. நடுவில் இரண்டு தண்டு பட்டுப்போயும் இருந்தன. ஒரு நரி முதுகு உரசாமல் உள்ளே வரலாம். நரிக்கு இன்னும் விஷயம் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அவள் முதலில் மிளாவிடம் போய்ச் சொன்னாள்.

"அக்கா, வேலிக்கு அடியில ஒண்ணுமே இல்ல. என் பிள்ளைங்க அங்கதான் தூங்குதுங்க. ஒரே ஒரு தடவை குனிஞ்சு பாரேன்."

"ஆமா, பாக்கணும்தான்," என்றது மிளா. பிறகு சுற்றும் முற்றும் பார்த்தது. "ஆனா குனியக் கூடாதுன்னு சட்டம் இருக்கே?"

அது அதோடு போயிற்று.

பங்குனிக் கடைசி வாரம் வந்தது. கிழங்கு முற்றிவிட்டதா என்று பார்க்க, தலை குனியாமல் குளம்பாலேயே ஒரு பாத்தியைத் தோண்டினார்கள். மேலே கொடி செழிப்பாக, பச்சைப்பசேல் என்று இருந்தது. கீழே கிழங்கு இல்லை. பக்கத்துப் பாத்தியைத் தோண்டினார்கள். அதிலும் இல்லை. வேலியோரத்து நாலு பாத்தியிலும் கொடியைத் தொடாமல், வேரைத் தொடாமல், பக்கவாட்டில் தோண்டிக் கிழங்கை மட்டும் யாரோ உருவி எடுத்திருந்தார்கள்.

"வெளியிலேர்ந்து யாரும் வந்திருக்க முடியாது," என்றான் ஈட்டியப்பன். "கொசு நுழையாத வேலி. அப்ப திருடன் உள்ளுக்குள்ளதான் இருக்கான். வேலியோரத்துல குடியிருக்கிறது யாருன்னு நான் சொல்ல வேண்டியதில்ல."

எல்லாத் தலையும் மாராயி பக்கம் திரும்பியது.

"நானா?" மாராயி துள்ளி முன்னால் வந்தாள். "முயல் என்னைக்குய்யா மண்ணைத் தோண்டியிருக்கு? தோண்டத் தெரிஞ்சா ஒரு வளையைத் தோண்டிக்கிட்டு நிம்மதியாப் படுத்திருக்க மாட்டேனா? எதுக்கு வெட்டவெளியில, புல்லு மேல பிள்ளைகளைப் போட்டுவச்சிருக்கேன்?"

நியாயமான கேள்விதான். ஆனால் நியாயமான கேள்விக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. சின்னவர்கள் கேட்டால் அது யார் காதிலும் விழாது.

மாராயி சும்மா இருக்கவில்லை. அன்று மத்தியானமே பட்டுப்போன தண்டுகளுக்கு நடுவே நுழைந்து வேலிக்கு அந்தப் பக்கம் போனாள். அங்கே பார்த்ததும் அவளுக்குக் காது இரண்டும் விறைத்தன. ஆடாதொடையின் தழை வெளிப்பக்கம் குடை போலக் கவிந்திருந்தது. அந்தக் குடைக்குக் கீழே ஈட்டியப்பனின் வளை வாசல். வாசலில் கிழங்குக் குவியல். சுற்றிலும் தோலும் துண்டுமாக இறைந்து கிடந்தது. வளையிலிருந்து வேலியின் அடிக்கு, போய்ப்போய் வழவழத்த ஒரு தடம். அந்த வேலி தோட்டத்தைத் திருடனிடமிருந்து மறைக்கவில்லை. திருடனைத் தோட்டத்திடமிருந்து மறைத்துக்கொண்டிருந்தது!

ஒரு கிழங்கைக் கவ்விக்கொண்டு அவள் கருங்கொம்பரிடம் ஓடினாள். கிழங்கில் அகலமான இரண்டு பல் தடம் அழுத்தமாகப் பதிந்திருந்தது.

"பாருங்கய்யா! வேலிக்காரன் வளை வாசல்ல கிடந்துச்சு! வந்து குனிஞ்சு பாருங்க, ஒரு குவியலே இருக்கு!"

கருங்கொம்பர் கிழங்கைப் பார்த்தார். அது இருந்த வாயைப் பார்த்தார்.

"திருட்டுக் கிழங்கு உன் வாயில இருக்கு. வேலிக்காரன் மேல பழி போடுறியா?"

"ஐயையோ, சாட்சிக்கு எடுத்துட்டு வந்தேன்யா!"

"நான் ஏன் குனியணும்? குனியக் கூடாதுன்னு சட்டம். அதுலயும் ஒரு முயல் சொல்லி நான் குனிஞ்சேன்னா, நாளைக்கு எலி சொல்லும், ஓணான் சொல்லும். என் கொம்புக்கு என்ன மரியாதை?"

இது இரண்டாவது தடவை. மூன்றாவது தடவை, ஓடைத் துறையில் எல்லாரும் கூடிய பஞ்சாயத்தில் நடந்தது. மாராயி வேலியடியில் பொறுக்கிய முள் ஒன்றை நடுவில் போட்டாள். கறுப்பும் வெள்ளையுமாக, நீளமாக, ஈட்டியப்பன் முதுகில் இருப்பது போலவே இருந்தது அது.

"பட்டுப்போன தண்டுக்கு நடுவுல கிடந்துச்சு. அது வழியா நுழைஞ்சு நுழைஞ்சு உதிர்ந்த முள்ளு இது!"

ஈட்டியப்பன் கொஞ்சமும் அசரவில்லை. "ராப்பகலா வேலியைச் சுத்தி வர்றவன் நான். என் முள்ளு வேலியில கிடக்காம வேற எங்கய்யா கிடக்கும்? உழைச்சு உழைச்சு உதிருது. அதையும் குத்தம் சொல்றா."

"பாவம், ஆமா," என்றது மிளா.

கருங்கொம்பர் தீர்ப்புச் சொன்னார். "நாளைக்குப் பங்குனிக் கடைசி. வேலிப் பூசை. பூசை முடிஞ்ச கையோட மாராயி தன் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வேலிக்கு அந்தப் பக்கம் போயிரணும். இந்தத் தோட்டத்துல அவளுக்குப் பங்கும் கிடையாது, இடமும் கிடையாது."

வேலிக்கு அந்தப் பக்கம் நரிக்காடு. குட்டிகள் பிறந்து பத்து நாளும் ஆகவில்லை.

"எது வழியாய்யா போறது?" என்று கத்தினாள் மாராயி. தட்! தட்! "கொசு நுழையாத வேலியாச்சே! நானும் என் பிள்ளைகளும் எது வழியாப் போறது?"

"திமிரைப் பாருங்க," என்றான் ஈட்டியப்பன்.

மறுநாள் காலையில் பூசைக்கு ஆவாரம்பூ வந்து இறங்கியது. மாராயி குட்டிகளை அணைத்தபடி வேலியோரத்தில் உட்கார்ந்து தட் தட் என்று தரையைத் தட்டிக்கொண்டே இருந்தாள். போன வருடப் பூசை அவளுக்கு நினைவு வந்தது. கருங்கொம்பர் வேலிக்கு முன்னால் வந்து நிற்பார். கொம்பு ஒரு சாண் இறங்கும். உடனே ஏறிவிடும். அதுதான் அவருடைய கும்பிடு. அந்த ஒரு சாணுக்கே, அடேயப்பா, எவ்வளவு பணிவு என்று எல்லாரும் உருகிப்போவார்கள்.

ஒரு சாண்தான் இறங்குகிறது. இன்னும் நாலு முழம் இறங்கினால் போதுமே!

அவள் கால் தட்டுவதை நிறுத்தியது. முயல் சொன்னால் குனிய மாட்டார்கள். உண்மைக்காகக் குனிய மாட்டார்கள். பச்சைக் குட்டிகளுக்காகவும் குனிய மாட்டார்கள். சரி, எதற்குக் குனிவார்கள் இவர்கள்?

பூசைக்கு எல்லாரும் கூடினார்கள். ஈட்டியப்பன் வேலிக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தி நின்றுகொண்டிருந்தான். கழுத்தில் ஆவாரம்பூ மாலை. கருங்கொம்பர் வந்தார். கொம்பை இறக்கப் போனார்.

"அய்யா, ஒரு நிமிசம்," என்றாள் மாராயி. குரலில் கோபமே இல்லை. "நான் போறேன். போறதுக்கு முந்தி, மனசுல உள்ளதைச் சொல்லிட்டுப் போறேன்."

"சொல்லு, சீக்கிரம்."

"இவ்வளவு பெரிய வேலி. மூணு வருசமா வாடாம, உதிராம நம்மளைக் காக்குது. இதுக்கு நீங்க போடுற கும்பிடு, வழியில போற பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தலையாட்டுற மாதிரியில்ல இருக்கு? சாமின்னா நெடுஞ்சாண்கிடையா விழணும்யா. மார்பு மண்ணுல படணும், தாடை மண்ணுல படணும். இந்த வேலிக்கும் சரி, இதை வளர்த்த வேலிக்காரருக்கும் சரி, யாரும் இதுவரைக்கும் உரிய மரியாதையைச் செய்யலன்னு நான் சொல்லுவேன்."

கருங்கொம்பருக்கு முகம் சுருங்கியது. விழுவதா? நானா?

ஆனால் ஈட்டியப்பனுக்கோ காதில் தேன் பாய்ந்தது. காட்டுக்கே தலைவர் தன் காலடியில் விழப்போகிறார்! அந்த நினைப்பில் அவனுக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

"நல்ல வார்த்தை!" என்று முள்ளைச் சிலிர்த்தான். "போறவ போறப்பவாவது புத்தியோட பேசினா. விழுங்கய்யா! கும்பிடுறதுக்குச் சட்டத்துலயே விலக்கு இருக்கு. நீங்க விழுந்தா இந்த வருசம் மழையும் விழும்."

"ஆமா, மழை விழும்!" என்றது மிளா.

மழை என்றதும் கூட்டம் முழுவதும் கருங்கொம்பரைப் பார்த்தது. இதற்கு மேல் மறுத்தால் மழையை மறுத்த மாதிரி ஆகிவிடும். அவர் ஒரு பெருமூச்சு விட்டார். முன்னங்கால் மடங்கியது. மார்பு இறங்கியது. திம்மென்று தரை அதிர்ந்தது. ஒரு நாளும் தோட்டத்து மண்ணைத் தொட்டறியாத அந்தத் தாடை மண்ணில் படிந்தது. அவர் விழுந்ததும் மிளா விழுந்தது. கூட்டமே விழுந்தது.

"பாருங்க!" என்று ஈட்டியப்பன் இரண்டு கையையும் விரித்தான். "என் வேலியை நல்லாப் பாருங்க!"

"பாக்கிறேன்," என்றார் கருங்கொம்பர், தரையிலிருந்து.

"எத்தனை வருச உழைப்பு தெரியுமா இது!"

"தெரியுது."

"கொசு நுழையுமா?"

கருங்கொம்பருடைய பெரிய கண்கள் இரண்டும் மொட்டைத் தண்டுகளுக்கு நடுவே அந்தப் பக்கம் போயிருந்தன. வழவழத்த தடம் தெரிந்தது. தண்டுகளில் சிக்கிய கறுப்பு வெள்ளை முட்கள் தெரிந்தன. தழைக்குடையின் கீழே வளை வாசலும், வாசலை அடைத்துக் கிடந்த கிழங்குக் குவியலும் தெரிந்தன. காடே தாடையை மண்ணில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தது.

"வேலிக்காரா," என்றார் கருங்கொம்பர். "உன் வாசல்ல கிடக்கிறது என்னய்யா?"

ஈட்டியப்பன் திரும்பிப் பார்த்தான். அவன் முகம் வெளிறியது. ஆனாலும் வாய் மட்டும் அடங்கவில்லை.

"அது... அது திருடன் எடுத்துடக் கூடாதேன்னு நான் பத்திரமா எடுத்து வச்சது!"

"கடிச்சுமா பத்திரப்படுத்துவே?" என்றாள் மாராயி. தட்! காலும் பேச ஆரம்பித்துவிட்டது. "பாதி பாதியாக் கடிச்சுக் கிடக்கே, அதுவும் பத்திரமா?"

கருங்கொம்பர் எழுந்தார். அவர் எழுந்த எழுச்சியைப் பார்த்ததும் ஈட்டியப்பன் மாலையைக் கழற்றக்கூட நேரமில்லாமல் விருட்டென்று பாய்ந்தான். எங்கே பாய்ந்தான் தெரியுமா? பட்டுப்போன இரண்டு தண்டுகளுக்கு நடுவே, தினமும் போய் வந்த அதே தடத்தில்! எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கொசு நுழையாத வேலிக்குள் ஒரு முழு முள்ளம்பன்றி நுழைந்து அந்தப் பக்கம் போய்விட்டது. ஆவாரம்பூ மாலை மட்டும் தண்டில் மாட்டிக்கொண்டு ஆடியது. கூட்டம் துறை வழியாகச் சுற்றிப் போய் வளையை முற்றுகையிடுவதற்குள், பாறைமேட்டைத் தாண்டி, நரிக்காட்டையும் தாண்டி ஓடியே போய்விட்டான். பிறகு அந்தக் காட்டில் அவனை யாரும் பார்க்கவில்லை.

வேலியே பயிரை மேய்ந்தது என்று ஒரு பழமொழி சொல்வார்கள். இங்கே வேலி பாவம், ஒரு தப்பும் செய்யவில்லை. வேலிக்காரன்தான் மேய்ந்தான். அவன் மேய வசதியாக மற்றவர்கள் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இப்போது எல்லாருக்கும் பேச்சு வந்துவிட்டது.

"எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்," என்றது மிளா.

"நான்கூட அடியில இலை இல்லாததைப் பாத்தேன்," என்றது ஆமை. "போன வருசமே சொல்லலாம்னு கிளம்பினேன். இப்பத்தான் வந்து சேர்ந்தேன்."

கருங்கொம்பர் தாடை மண்ணைத் துடைக்காமலே மாராயி அருகில் வந்தார். "தப்பு நடந்துபோச்சு," என்றார். "ஆனா மாராயி, நீயும் இதை முன்னாடியே எங்களுக்கு விளங்குற மாதிரி சொல்லியிருக்கக் கூடாதா?"

குழந்தைகளே, இதைக் கேட்டதும் மாராயி தட்டிய தட்டில் ஓடைத் தண்ணீரே அலை அடித்தது.

"சொல்லலையா? நான் சொல்லலையா? செடி முழங்கால் உயரம் இருக்கும்போதே சொன்னேன், வெட்டுங்கன்னு. மிளாக்கா கிட்டச் சொன்னேன். உங்க கிட்டக் கிழங்கோட வந்து சொன்னேன். பஞ்சாயத்துல முள்ளைப் போட்டுச் சொன்னேன். உங்க காதெல்லாம் நல்லாத்தான் கேட்டுச்சு. கழுத்துதான் மடங்கல! ஒரு முயல் சொல்லிக் குனிஞ்சா கொம்பு குட்டையாப் போயிடுமேன்னு, பொறந்து பத்து நாளாகாத என் பிள்ளைகளை நரிக்குப் போடப் பாத்தீங்களே!"

கருங்கொம்பர் தலை தானாகவே தாழ்ந்தது. இந்த முறை அவரை யாரும் விழச் சொல்லவில்லை.

"என்ன செய்யணும், சொல்லு," என்றார்.

"வேலியை வெட்டணும்."

"எவ்வளவு?"

"முழங்கால் உயரத்துக்கு."

கருங்கொம்பர் அந்தப் பச்சைச் சுவரை அண்ணாந்து பார்த்தார். மூன்று வருட அழகு. மாராயி காத்திருக்கவில்லை. பக்கத்துச் செடி ஒன்றில் தாவி ஏறி, ஒரு கொப்பைக் கறுக்கென்று கடித்துத் துண்டாக்கினாள். அடுத்த நொடியே முகம் கோணி, "தூ! தூ!" என்று துப்பினாள்.

"இதையா நான் தின்னுடுவேன்னு சொன்னீங்க? பாவிகளா, வாயில வச்சுப் பாருங்க!"

ஒவ்வொருவராக வாயில் வைத்தார்கள். ஒவ்வொருவராகத் துப்பினார்கள். அதன் பிறகு யாரும் எதிர்த்துப் பேசவில்லை. கருங்கொம்பர் கொம்பால் முறித்தார், மிளா பல்லால் கடித்தது, ஆமைகூட ஒரு தண்டை வெட்டி முடித்தது. சாயங்காலத்துக்குள் அந்த உயர்ந்த வேலி வெறும் கட்டைகளாக நின்றது. வேலி தழைக்கும்வரை ஆள் மாற்றி ஆள் அங்கே காவல் இருந்தார்கள். முதல் முறை கருங்கொம்பருடையது.

ஆனி மழையில் கட்டைகள் அடியிலிருந்தே வெடித்தன. ஒரு தண்டுக்கு நாலு, நாலுக்குப் பத்து என்று பக்கக் கிளைகள் பின்னிக்கொண்டன. பட்டுப்போன இடத்தில் புதுக் குச்சி நட்டார்கள். மாராயி கிள்ளக் கிள்ள வேலி மெதுவாக, மிக மெதுவாக உயர்ந்தது. மூன்று வருடம் கழித்தும் அது கருங்கொம்பரின் மார்புக்குத்தான் வந்தது. ஆனால் மாராயியின் புதுக் குட்டிகள் பந்தயம் வைத்துப் பார்த்தும் அதன் அடியில் மூக்கை நுழைக்க முடியவில்லை.

பழைய சட்டத்தை மாற்றியாயிற்று. மாதம் ஒருமுறை கருங்கொம்பர் வேலியைப் பார்வையிட வரவேண்டும். வந்தால், ஒரு கோடி முதல் மறு கோடி வரை, தாடையை மண்ணில் வைத்துப் பார்க்க வேண்டும். பார்த்து முடித்ததும் மாராயி அவர் தாடையைப் பார்ப்பாள். மண் ஒட்டியிருக்கவில்லை என்றால், முதலிலிருந்து இன்னொரு தடவை பார்க்கச் சொல்வாள்.

நீதி: வேலியை உச்சியில் அளக்காதே, அடியில் இருப்பவர் சொன்னால் குனிந்து பார்.